புதுப்பிப்பு: தோட்டத்து அகழெலித் தொல்லை

அகழெலி (mole, மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் சிறு விலங்கு) தோண்டியதால் புல்வெளி முழுக்க மண்மேடுகள், காய்கறிப் பாத்தியின் குறுக்கே மேலெழும்பிய மண்வரிகள், இதற்கு என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பாத்திப் பக்கம் புது மேடு எதுவும் வரவில்லை.

மிகவும் உதவிய யோசனை, எழும்பிய வளைகளை எல்லாம் மிதித்துத் தட்டையாக்கிவிட்டு மறுநாள் பார்ப்பது. அகழெலி வழக்கமாகப் போய்வரும் பாதை மட்டும் திரும்ப எழும்பியிருந்தது. இரை தேடி ஒருமுறை தோண்டிவிட்டுக் கைவிடும் வளைகள் நிறைய உண்டு, அங்கே பொறி வைத்துப் பயனில்லை. திரும்ப எழும்பிய இடத்தில் கத்தரிப் பொறியை (கத்தரிக்கோல் போல இறுக்கிப் பிடிக்கும் பொறி) புதைத்து, வெளிச்சம் புகாதபடி மண்ணால் மூடினேன். மாட்டியது ஒன்றுதான். இவை தனித்து வாழ்பவை. அத்தனை மேட்டையும் ஒன்றே கிளப்பிவிடும்.

விஷத் தானியம் வைக்கச் சொன்னவர்களுக்கு: இதன் உணவு மண்புழுவும் பூச்சிப் புழுக்களும்தான், தானியத்தைச் சீண்டாது. கிழங்கிலோ வேரிலோ கடித்த தடம் இருந்தால், அந்த வளை வழியாக எலி ஏதும் வருகிறதா என்று பாருங்கள். நாப்தலின் உருண்டையும் வேண்டாம், சாப்பிடும் செடி வளரும் மண் அது.

அப்புறம் ஒன்று, ஜெர்மனி போன்ற நாடுகளில் அகழெலி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். பொறி வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலியோரம் இன்னொன்று தோண்டுகிறது. அங்கே செடி எதுவும் இல்லை, அதை விட்டுவிட்டேன்.