மறுமொழி: ஃப்ளாட்ஃபிஷ் வரிசைக்கும் குடும்பங்களுக்கும் தமிழ்ப் பெயர்

வணக்கம். தட்டைமீன்களின் அறிவியல் வரிசைக்கும் (order), அதில் அடங்கும் குடும்பங்களுக்கும் நீங்கள் முன்வைத்த தமிழ்ப் பெயர்களை மேற்கோளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே என் கருத்தை எழுதுகிறேன்.

> ப்ளூரோநெக்டிஃபார்மிஸ் வரிசைக்குத் 'தட்டைமீன்' போதும். யாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் திருக்கையும் தட்டைதான், அது இந்த வரிசையிலேயே இல்லை. திருக்கை முதுகும் வயிறுமாக அமுங்கிய மீன். இவையோ ஒருக்களித்துப் படுத்தவை. குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்துகின்றன. வளர வளர ஒரு கண் தலையின் மறுபக்கம் ஏறிவிடும், கண் இல்லாத பக்கம் தரைக்குப் போகும். அதனால் வரிசைக்கு 'ஒருபுறக்கண்ணி' என்று முன்வைக்கிறேன். பேச்சில் தட்டைமீன் இருந்துவிட்டுப் போகட்டும்.

> போத்திடே: இடக்கண்ணி. ப்ளூரோநெக்டிடே: வலக்கண்ணி.

சம்மதம். ஜப்பான் பக்கத்து நட்சத்திரத் தட்டைமீன் வலக்கண்ணிக் குடும்பத்தில் இருந்துகொண்டு பெரும்பாலும் இடப்பக்கமே கண் வைத்திருக்கிறது. குடும்பப் பெயருக்கு அந்த அளவு விலக்கு இருக்கலாம்.

> செட்டோடிடே: முள்தட்டை.

இதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தக் குடும்பத்தில் மூன்றே இனங்கள். இரண்டு மேற்கு ஆப்பிரிக்கக் கடலில். மூன்றாவது நம் கடலில் கிடைக்கும் எருமைநாக்கு. அதன் அறிவியல் பெயர் செட்டோடிஸ் எருமெய். அந்த 'எருமெய்' நம் எருமையேதான்! தரங்கம்பாடி மீனை வைத்து, கரையில் வழங்கிய தமிழ்ப் பெயரையே எடுத்து, 1801-இல் புளோக், ஷ்னைடர் என்ற ஜெர்மன் அறிஞர்களின் மீன் நூலில் பதிந்தார்கள். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மிஷனரி, புளோக்குக்கு மீன்கள் அனுப்பிவந்தவர். லத்தீன்காரர்களே நம்மிடம் கேட்டு வாங்கிய பெயரை விட்டுவிட்டு, நாம் ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'முள்'ளை வாங்கவா?

முள் இருப்பது உண்மை. முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் முள் உண்டு. துடுப்பும் மற்றவற்றைப் போலத் தலைமேல் ஏறாமல் கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. இடம்மாறிய கண்கூட முழுதாகக் கடக்காமல் தலையின் மேல்விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. சிலதுக்கு இடப்பக்கம், சிலதுக்கு வலப்பக்கம். இதையெல்லாம் விளக்கத்தில் எழுதலாம், குடும்பம் 'எருமைநாக்கு' என்றே இருக்கட்டும்.

சைனோகுளோசிடே என்ற இன்னொரு குடும்பத்துக்கு 'நாக்குமீன்' போதும். கிரேக்கத்தில் நாய்நாக்கு என்றிருப்பதற்காக நாம் நாயையும் இழுத்துவர வேண்டாம், ஏற்கெனவே எருமை நிற்கிறது.

சோலியிடே குடும்பம் மிச்சம். அதற்குக் கரையில் தனிப்பெயர் கேட்டவர்கள், எந்த ஊர் என்பதோடு எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.