இரும்புச் சிலுவை அசலா, போலியா? அவசரம், உதவுங்கள்

மழைத்தூறல்: வணக்கம். ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பழம்பொருள் சந்தையில் ஓர் இரும்புச் சிலுவை (ஜெர்மன் ராணுவப் பதக்கம்) வாங்கினேன், 90 யூரோ. 1939 என்று இருக்கிறது, காந்தம் ஒட்டுகிறது. அசல்தானே? விற்றவர் நாளையும் கடை போடுவாராம், வேண்டாமென்றால் திருப்பித் தரலாம்.

நாணயப்பித்தன்: முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? பின்னால் ஊசியா, மேலே ரிப்பன் வளையமா? படம் எங்கே?

குருவிக்கூடு: காந்தம் ஒட்டினால் அசல். நடுத்தகடு இரும்பு. அவ்வளவுதான்.

பதக்கப்பெட்டி: இதை எத்தனை தடவை எழுதுவது? தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. போலி செய்பவனுக்கு இரும்பு கிடைக்காதா? பித்தளைத் தகடு வைத்த அசலும் உண்டு, அதில் காந்தம் ஒட்டாது. லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து ஓரத்தைப் பாருங்கள். கறுப்புத் தகட்டை முன்னும் பின்னும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள் கவ்வியிருக்கும், அவை சேருமிடத்தில் பற்றவைத்த கோடு மெல்லிசாக ஓடும். ஒரே வார்ப்பாக ஊற்றிக் கறுப்படித்த போலியில் அந்தக் கோடு இருக்காது. சட்டத்தின் மணிவரிசை மழுங்கி, அங்கங்கே குமிழிப் பள்ளம் தெரியும்.

மழைத்தூறல்: வளையம்தான். அதில் தயாரிப்பாளர் எண் எதுவும் இல்லை. கோடு தெரிகிறது. அப்போ அசல்?

நாணயப்பித்தன்: எண் இல்லாத அசல் நிறைய உண்டு. பின்பக்கம் 1813, அதாவது இந்தப் பதக்கம் முதலில் வந்த ஆண்டு, இருக்கிறதா?

ஊதாவிளக்கு: ரிப்பனில் புறஊதா ஒளி அடியுங்கள். பளிச்சென்று ஒளிர்ந்தால் பிற்கால இழை.

நாணயப்பித்தன்: ரிப்பனை யாரும் மாற்றலாம் சார்.

தென்றல்வீதி: நாஜிச் சின்னத்தைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? ஜெர்மனியில் அது குற்றம் இல்லையா?

பதக்கப்பெட்டி: வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடுப்பது பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும். அதனால்தான் சந்தையில் சுவஸ்திகாமேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள்.

தென்றல்வீதி: ஸ்டிக்கர் ஒட்டினால் பாவம் போய்விடுமா?

மழைத்தூறல்: இதிலும் நடுவில் ஸ்டிக்கர் இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்றார், நானும் எடுக்கவில்லை. பின்னால் 1813 உண்டு.

பதக்கப்பெட்டி: ஐயா, முதலில் சொல்லவேண்டியதே இதுதான்! எடுத்துப் பாருங்கள்.

மழைத்தூறல்: எடுத்தாச்சு. மூன்று இலைதான் இருக்கிறது.

பதக்கப்பெட்டி: ஓக் இலை. 1957 ஜூலைச் சட்டம் பழைய வீரர்கள் பதக்கத்தைச் சுவஸ்திகா இல்லாமல் அணிய அனுமதித்தது. அதற்காகச் செய்த வடிவம் இது. 1939 அப்படியே இருக்கும். லூடன்ஷைட் ஊரின் ஷ்டைன்ஹவர் அண்ட் லுக் நிறுவனம் போரின்போதும் செய்தது, 57க்குப் பிறகும் செய்தது. கட்டுமானத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். போலி என்று சொல்ல முடியாது, ஆனால் போர்க்காலத்தது இல்லை. 90 யூரோ ரொம்ப அதிகம்.

குருவிக்கூடு: போலி இல்லையே, காந்தம் சரியாகத்தான் சொன்னது.

பதக்கப்பெட்டி: காந்தத்துக்கு வருஷம் தெரியுமா தம்பி?

மழைத்தூறல்: திருப்பிக் கொடுத்துவிட்டேன். நன்றி.

தென்றல்வீதி: நல்லது. இனி பேசாமல் தபால்தலை சேருங்கள்.

நாணயப்பித்தன்: அந்தக் கால ஜெர்மன் தபால்தலையிலும் சுவஸ்திகா உண்டே!