ஒரே பீஸ் மூன்று தளத்தில் விற்றுப்போகிறது, ஸ்டாக் சாஃப்ட்வேர் வாங்கினால் தீருமா?

கேள்வி: பின்னலாடை_திருப்பூர்

வணக்கம். திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் சின்ன யூனிட் எங்களுடையது. குழந்தைகள் டி-சர்ட், செட். நானும் மனைவியும், பேக்கிங்குக்கு நான்கு பேரும். மூன்று ஆன்லைன் தளங்களிலும் ஷாப்பிஃபை என்ற சேவையில் அமைத்த சொந்த ஆன்லைன் கடையிலும் விற்கிறோம். சாதாரண நாளில் 120 ஆர்டர் வரும், தீபாவளி சேல் அன்று 600 தாண்டிவிட்டது.

அங்கேதான் அடி விழுந்தது. கருப்பு, 4-5 வயது சைஸ், ரேக்கில் 9 பீஸ்தான் இருந்தது, 31 ஆர்டர் விழுந்துவிட்டது. எக்செல் ஷீட்டை இரவு பத்து மணிக்குத்தான் திருத்துவோம், அதுவரை எல்லாத் தளத்திலும் பழைய எண்ணிக்கையே நின்றது. 22 ஆர்டரை நாங்களே கேன்சல் செய்தோம். ஒரு தளத்திலிருந்து கணக்குக்கு எச்சரிக்கையும் வந்துவிட்டது. பேரனின் பிறந்தநாளுக்கு என்று ஒரு அம்மா சொந்தக் கடையில் குறிப்பு எழுதி ஆர்டர் போட்டிருந்தார், அதையும் சேர்த்துத்தான் கேன்சல் செய்தோம். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

ஸ்டாக், ஆர்டர் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கிற சாஃப்ட்வேர் எடுக்கலாம் என்று இருக்கிறோம். டெமோ காட்டியவர் எல்லாம் தானாக நடக்கும் என்கிறார். பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள், தீருமா?

பதில்: கரூர்_பெட்ஷீட்

அண்ணா, நாங்கள் கரூர். பெட்ஷீட், டவல், கிச்சன் துணி. மூன்று வருடமாக இப்படி ஒரு சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறோம். தீரும். ஆனால் முதல் இரண்டு மாதம் முன்னைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் நாங்கள் உள்ளே ஏற்றிய எண்ணிக்கையே தப்பு, தப்பான எண்ணிக்கை இப்போது நான்கு தளத்துக்கும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

முதலில் எஸ்கேயு கோடு, அதாவது ஒவ்வொரு டிசைன், கலர், சைஸுக்கும் நாம் கொடுக்கும் தனி அடையாளக் குறி. ஒரே நீல பெட்ஷீட்டுக்கு ஒரு தளத்தில் நான் ஒரு கோடு கொடுத்திருந்தேன், இன்னொன்றில் என் தம்பி வேறு கோடு. சாஃப்ட்வேருக்கு அது இரண்டு தனித்தனிப் பொருள். டிசைன், கலர், சைஸ் என்ற வரிசையில் ஒரே மாதிரி கோடு எழுதி, நான்கு தளத்து லிஸ்டிங்கையும் அந்த ஒன்றோடு இணைக்க எங்களுக்குப் பதினோரு நாள் ஆனது. இந்த வேலையைச் சாஃப்ட்வேர்காரர் தலையில் கட்டாதீர்கள், உங்கள் சரக்கு உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது காம்போ. நீங்கள் மூன்று டி-சர்ட் செட் விற்கிறீர்கள் அல்லவா, அதைத் தனி ஸ்டாக்காக ஏற்றினால் மறுபடியும் அதே கதைதான். கருப்பு 40, நீலம் 25, சாம்பல் 9 இருந்தால் காம்போ 9தான் இருக்கிறது. தனியாக ஒரு சாம்பல் விற்றதும் காம்போ 8 ஆக வேண்டும். இது தானாக நடக்கிறதா என்று டெமோவில் உங்கள் காம்போவை வைத்தே செய்து காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ரிட்டர்ன். கூரியர்காரர் பார்சலைக் கொண்டுவந்து போட்டதும் ஸ்டாக்கில் சேர்க்காதீர்கள். பிரித்துப் பார்த்து, அழுக்கு, கிழிசல், வேறு பீஸ் மாற்றி வைத்தது எல்லாம் ஒதுக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். நாங்கள் ரிட்டர்னுக்குத் தனி ரேக், கேமரா வைத்துத்தான் பிரிக்கிறோம்.

பதில்: இணைப்பு_வேலை_சென்னை

கடைகளுக்கு இந்த வகை சாஃப்ட்வேரைப் பொருத்திக் கொடுக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

கையில் இருக்கும் எண்ணிக்கையிலிருந்து, ஆர்டர் வந்து இன்னும் அனுப்பாததைக் கழித்து, அதிலிருந்து பாதுகாப்புக்கு வைத்ததையும் கழித்து வருவதுதான் தளங்களுக்குப் போக வேண்டிய எண். பாதுகாப்பு எண்ணை நாங்கள் பஃபர் என்போம். அது எதற்கு என்றால், ஒரு தளத்தில் ஆர்டர் விழுந்து அது சாஃப்ட்வேருக்கு வந்து, புது எண் மற்ற தளங்களுக்குப் போய்ச் சேர ஒரு இடைவெளி இருக்கிறது. ஷாப்பிஃபை போன்ற கடைகள் ஆர்டர் விழுந்த உடனே தகவல் அனுப்பும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, சில இடங்களில் சாஃப்ட்வேர்தான் சில நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கும். ஒரு சைஸ் மணிக்கு 60 விற்கிறது, இடைவெளி 15 நிமிடம் என்றால் அதற்குள் 15 ஆர்டர் போய்விடும். ஆகவே சேல் நாளில் வேகமாக ஓடும் சைஸுக்கு பஃபரை ஏற்றுங்கள், ஓடாததற்கு 1 போதும். எல்லாவற்றுக்கும் ஒரே பஃபர் போட்டு வைத்தால் சரக்கு இருந்தும் விற்காமல் கிடக்கும், நிறையப் பேர் செய்கிற தப்பு இது.

கம்பெனி என்று பார்த்தால் இந்தியாவிலேயே நல்ல வாய்ப்புகள் உண்டு. யூனிகாமர்ஸ் 2012இல் தொடங்கியது, 2015இல் ஸ்னாப்டீல் வாங்கியது, 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது, பல தளங்களில் விற்கிறவர்களுக்கு என்றே செய்தது. நம் சென்னை ஜோஹோவின் இன்வென்டரி இருக்கிறது, கணக்கு ஏற்கெனவே ஜோஹோ புக்ஸில் என்றால் சேர்ந்து போகும். எதுவானாலும் ஆர்டர் எண்ணிக்கையை வைத்தா மாதச் சந்தாவா, ரிட்டர்ன் ஆன ஆர்டருக்கும் காசு பிடிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூரின் டிரேட்கெக்கோவை 2020இல் இன்ட்யூட் வாங்கியது, 2022இல் அந்த சாஃப்ட்வேரை மூடிவிட்டார்கள். அமெரிக்காவின் ஸ்டிட்ச் லேப்ஸை ஸ்கொயர் வாங்கியது, அதுவும் 2021இல் நின்றுபோனது. இரண்டும் நல்ல சாஃப்ட்வேர், நம்பித் தொழில் நடத்திய கடைக்காரர்கள் எல்லோரும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அதனால் எஸ்கேயு பட்டியல், ஆர்டர் வரலாறு, ஸ்டாக் நகர்வு மூன்றையும் நீங்களே ஃபைலாக இறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.

பதில்: கணக்கு_ஈரோடு

ஜிஎஸ்டி பக்கம் இரண்டு வார்த்தை. தளத்தின் குடோனில் சரக்கு வைத்திருக்கிறீர்களா? வேறு மாநிலம் என்றால் அங்கே தனிப் பதிவு வேண்டும், இங்கிருந்து அங்கே அனுப்பும் சரக்குக்கும் வரியோடு இன்வாய்ஸ் போட வேண்டும். எனவே சாஃப்ட்வேரில் ஒவ்வொரு குடோனும் தனி ஸ்டாக்காக இருக்கட்டும், மொத்தமாகக் கலந்தால் தணிக்கையின்போது பிரிக்கவே முடியாது. விற்ற பணத்தில் தளங்கள் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரியான டிசிஎஸ் 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம், முன்பு 1. ரிட்டர்ன் கழித்த நிகர விற்பனைக்குத்தான் அது, ஒப்பிட்டுப் பாருங்கள். 1,000 ரூபாய்க்கு மேலான உடைக்கு 12 சதவீதம் என்று இருந்ததும் மாறிவிட்டது, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 வரை 5 சதவீதம். பழைய பொருள் பட்டியலை அப்படியே ஏற்றினால் பழைய வரியும் சேர்ந்து ஏறிவிடும்.

பின்னலாடை_திருப்பூர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கரூர் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எண்ணினோம், பிள்ளைகளும் உட்கார்ந்து எண்ணினார்கள். ஷீட்டில் 2,140, ரேக்கில் 1,876. வித்தியாசத்தில் பாதிக்கு மேல் ரிட்டர்ன் மூட்டையில் கிடந்தது, பிரிக்காமலே ஸ்டாக்கில் ஏற்றியிருக்கிறோம். காம்போ 14ஐயும் தனி ஸ்டாக்காகத்தான் வைத்திருந்தோம்.

முதலில் கோடு எழுதி முடிக்கிறேன். ஒரு சந்தேகம், பழைய லிஸ்டிங்கில் கோடை மாற்றினால் ரிவியூ எல்லாம் போய்விடுமா?

கரூர்_பெட்ஷீட்

தளத்தில் இருக்கும் கோடைத் தொடாதீர்கள் அண்ணா. அது அப்படியே இருக்கட்டும், சாஃப்ட்வேருக்குள் மட்டும் உங்கள் புதுக் கோடோடு இணைத்துக்கொள்ளுங்கள். எங்கள் எக்செல் மாதிரி ஒன்று தனியாக அனுப்புகிறேன், இரண்டாவது ஷீட்டில் காம்போ எழுதும் முறை இருக்கிறது.