பெட் சிடியில் எல்லாத் தசையும் ஒளிர்கிறது: மயோசைட்டிஸா, இன்சுலினா?

கேள்வி:
டெர்மட்டோமயோசைட்டிஸ் (தோலையும் தசையையும் தாக்கும் அழற்சி நோய்) சந்தேகத்தில் எடுத்த எஃப்டிஜி பெட் சிடி (எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அது எங்கே சேர்கிறது என்று காட்டும் ஸ்கேன்). தோள், முதுகு, பிட்டம், தொடை என இருபுறமும் ஒரே சீரான அப்டேக் (எஃப்டிஜியை ஈர்க்கும் அளவு). கல்லீரல் வழக்கத்தைவிட மங்கல். நோயாளிக்கு சர்க்கரை நோய் உண்டு. எஃப்டிஜி ஊசி போடும்முன் ரத்தச் சர்க்கரை அளவு 168. மயோசைட்டிஸ் (தசை அழற்சி) என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா? பயாப்சிக்கு (தசைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க) இடமும் குறித்துத் தரச் சொல்கிறார்கள்.

பதில் 1:
எழுதாதீர்கள். கல்லீரல் மங்கியிருப்பதுதான் துப்பு. இன்சுலின் ஏறியதும் குளுட்-4 (சர்க்கரையை அணுவுக்குள் கடத்தும் புரதம்) தசையணுவின் மேற்பரப்புக்கு வந்து எஃப்டிஜியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்ற உறுப்புகளுக்கு மிச்சம் குறைவு. இதயத் தசையும் பளிச்சென்று இருக்கிறதா பாருங்கள். சர்க்கரை 200-க்குக் கீழே என்பதால் இன்சுலின் விளைவு இல்லை என்றாகாது. கடைசி இன்சுலின் ஊசி எத்தனை மணிக்கு? இடையில் பிஸ்கட், காபி ஏதாவது? அதுவே போதும், உடலின் சொந்த இன்சுலின் ஏறிவிடும்.

மயோசைட்டிஸில் பெரும்பாலும் தோள், இடுப்பு என நடுவுடலோடு ஒட்டிய தசைகளில்தான் கூடுதல். ஒரே தசைக்குள்ளும் திட்டுத்திட்டாக வரும். இந்தப் படத்தில் கல்லீரலோடு ஒப்பிட்டு விகிதம் போட்டால் பொய்யாக உயரும்.

கேட்டவர்:
நர்ஸ் குறிப்பில் இருக்கிறது: வேகமாக வேலைசெய்யும் இன்சுலின், தோலடியில், எஃப்டிஜிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு. இதயமும் பளிச்.

பதில் 1:
அப்படியானால் மறுபடி எடுங்கள். அந்த வகை இன்சுலினுக்கு 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 6 மணி நேரம் தண்ணீர் மட்டும், முந்தைய நாளிலிருந்து கடும் உடலுழைப்பு கூடாது, எஃப்டிஜி ஊசிக்குப் பிறகு 60 நிமிடம் கதகதப்பான அறையில் பேசாமல் ஓய்வு. எஃப்டிஜியில் உள்ள கதிரியக்க ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம்தான். மறுநாளே எடுத்தாலும் பழையது குறுக்கிடாது.

பதில் 2:
மறுபடி எடுக்கும்போது உச்சி முதல் பாதம் வரை எடுக்கச் சொல்லுங்கள். நடுத்தொடையோடு நிறுத்தினால் தொடையின் கீழ்ப்பாதியும் கெண்டைக்காலும் போய்விடும். கை முழுவதும் படத்துக்குள் வரட்டும். இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் (தசை அழற்சியின் இன்னொரு வகை) என்றால் விரல் மடக்கும் முன்கைத் தசைகளைப் பார்க்காமல் பயனில்லை.

ஸ்டீராய்டு தொடங்கியாயிற்றா? சில நாள் போயிருந்தாலே அப்டேக் குறையலாம். தசை மங்கலாக வந்தால் நோயில்லை என்று சொல்ல முடியாது.

பயாப்சி இடத்துக்கு என் தேர்வு எம்ஆர்ஐ ஸ்டிர் படம்தான் (கொழுப்பின் ஒளியை அடக்கி, நீர் கோத்த வீக்கத்தைக் காட்டும் முறை). வீக்கம் தெரிகிற, கொழுப்பாக மாறாத தசையை எடுங்கள். இஎம்ஜி (தசையின் மின்செயலைப் பார்க்கும் சோதனை) ஊசி குத்திய தசை வேண்டாம், எதிர்ப்பக்கம் போங்கள். டெர்மட்டோமயோசைட்டிஸில் பெட் சிடியின் பெரிய பயன் ஒளிந்திருக்கும் புற்றைத் தேடுவது, குறிப்பாக ரத்தத்தில் டிஐஎஃப்1-காமா ஆன்டிபாடி (புற்றோடு தொடர்புள்ள ஒன்று) இருந்தால். நுரையீரலையும் விட்டுவிடாதீர்கள்.