நிலாவெளி வீட்டுக் கூரை: மானியக் காசில் தகரத்தை மாற்றுவதா, மரத்தை இறுக்குவதா?

நெய்தல்கரை, நிலாவெளி

வணக்கம். கூரை வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

எங்கள் வீடு கடலிலிருந்து ஐந்து நிமிட நடை. சீமெந்துக் கல் சுவர், பனை கைமரம், மேலே பதினெட்டு வருடத்து அஸ்பெஸ்டஸ் சீற். போன மாரியில் அடித்த காற்றில் முன்பக்கம் இரண்டு வரிசை கிளம்பிப் பின்வளவில் போய் விழுந்தது. அம்மாவும் பிள்ளைகளும் நானும் பின்னறையில் கட்டிலுக்குக் கீழே இருந்துதான் விடிந்தோம். இன்றைக்கும் முன்பக்கத்துக்குத் தார்ப்பாய்தான்.

கூரை திருத்த ஒரு தொண்டு நிறுவனம் மானியம் தருகிறது, பட்டியலில் எங்கள் பெயரும் வந்திருக்கிறது. தொகை முழுக் கூரைக்கும் போதாது. வந்து பார்த்த ஓடாவி (மரத்தச்சர்), பழைய மரத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே புதுத் தகரம் போடச் சொல்கிறார். அதற்கே காசு முடிந்துவிடும். அடுத்த காற்றில் புதுத் தகரமும் இதே மாதிரிப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. இன்னொரு சிக்கல்: காணி அனுமதிப்பத்திரம் அம்மா பெயரில், விண்ணப்பம் என் பெயரில்.

பழைய மேசன், மூதூர்

தங்கச்சி, காசைத் தொட முதல் ஒன்றைப் பாருங்கள். பின்வளவில் விழுந்த சீற்றில் சலாகை, அதுதான் கைமரத்துக்குக் குறுக்கே சீற்றைப் பிடிக்கும் சட்டம், ஒட்டிக்கொண்டு கிடந்ததா, இல்லை சீற் மட்டும் ஆணி ஓட்டையைச் சுற்றிக் கிழிந்து வந்ததா? சலாகையும் சேர்ந்து வந்திருந்தால் பழுது சீற்றில் இல்லை, அதற்குக் கீழே.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 26 சூறாவளிக்குப் பிறகு இந்தப் பக்கம் நிறைய வீடு திருத்தினேன். பல இடத்தில் தகரம் சலாகையோடு, சில இடத்தில் கைமரத்தோடு, ஒரு பாயைச் சுருட்டியது போலக் கிடந்தது. தகரத்தில் ஒரு கீறலும் இல்லை. மரத்தை மரத்தோடு பிடித்திருந்த ஆணிதான் கழன்றிருந்தது. விறாந்தைக் கூரை எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

நெய்தல்கரை

இப்போதுதான் போய்ப் பார்த்தேன் அண்ணன். நீங்கள் சொன்னதுதான். உடைந்த சீற்றுத் துண்டுகள் இன்னும் சலாகையில்தான் தொங்குகின்றன. சலாகையில் மூன்று அங்குல ஆணி நேராகவே உருவி வந்திருக்கிறது, துருப்பிடித்துப் பாதி மெலிந்துபோய். விறாந்தைக்குத் தனிக் கூரை இல்லை. வீட்டுக் கைமரத்தையே எட்டு அடி நீட்டி, முன்னால் நான்கு தூணில் வைத்திருக்கிறோம். தூண்கள் நிலத்துச் சீமெந்தில் சும்மா நிற்கின்றன.

வீட்டுப் படம் வரைபவர், உப்புவெளி

அக்கா, அந்த விறாந்தைதான் காரணம் என்று நினைக்கிறேன். கடற்பக்கமிருந்து வரும் காற்று விறாந்தைக்குள் புகுந்தால் வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து தள்ளும். அதே நேரம் மேலே ஓடும் காற்று சீற்றை உறிஞ்சித் தூக்கும். தாவாரம், முகடு, மூலைகள், இந்த இடங்களில்தான் உறிஞ்சல் மிக அதிகம். இரண்டும் சேர்ந்தால் உருவி வரக் காத்திருக்கும் ஆணி எப்படிப் பிடிக்கும்? காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கம் கரையேறியபோது கூரை தாங்கியதே என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளி அதைவிடப் பல மடங்கு பலமானது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். நீட்டிய கைமரத்தைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி வெளியே விட்டு அறுத்துவிடுங்கள். விறாந்தைக்கு ஓர் அடி கீழே தனிக் கூரை. பெரிய காற்று வந்தால் அது மட்டும் போகட்டும், பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மேலே கூரை இருக்கும். புதுத் தகரம் அங்கே மட்டும் போதும். தகரத்தின் வளைவும் அஸ்பெஸ்டஸ் வளைவும் பொருந்தாது என்ற தொல்லையும் அதோடு தீர்ந்துவிடும். வீட்டுக்கு மேலே பிடுங்குப்பட்ட இடத்துக்கு, விறாந்தையிலிருந்து கழற்றும் நல்ல சீற்றையே போடலாம்.

மிச்சக் காசு முழுவதும் பிணைப்புக்கு. ஆணியை நேரே இழுத்தால் சுலபமாகக் கழன்று வரும், பக்கவாட்டில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். அதனால் கல்வனைஸ் (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டியைக் கைமரத்துக்கு மேலாகச் சுற்றி, இரண்டு பக்கமும் சுவர் வளையில் (சுவரின் மேல் கைமரத்தைத் தாங்கும் மரம்) பக்கவாட்டாக ஆணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு கைமரத்துக்கும். சலாகை கைமரத்தைக் கடக்கும் இடங்களிலும் சின்னப் பட்டி, தாவாரத்துப் பக்கமும் முகட்டுப் பக்கமும் ஒன்றையும் விடாமல்.

சுவருக்கு மேலே கொங்கிறீற் பீம் இருக்கிறதா?

நெய்தல்கரை

இல்லை தம்பி. கதவு ஜன்னலுக்கு மேலே லின்டல் கொங்கிறீற் மட்டும் சுற்றி ஓடுகிறது. அதற்கு மேலே நான்கு வரி கல், அதன்மேல் சுவர் வளை.

படம் வரைபவர்

அப்படியென்றால் வளையைக் கல்லோடு மட்டும் கட்டிப் பயனில்லை, கூரை அந்த நான்கு வரியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். லின்டலுக்குச் சற்றுக் கீழே சுவரில் துளை போட்டு, பட்டியை லின்டலுக்கு அடியால் விட்டு, உள்ளும் வெளியும் மேலே கொண்டுவந்து வளையில் பிடியுங்கள். மூன்று அடிக்கு ஒன்று. பிறகு பூசி மறைக்கலாம். கடல் உப்புக்குச் சாதாரணக் கம்பி சில வருடத்தில் கரைந்துவிடும், தடித்த கல்வனைஸ் கேட்டு வாங்குங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்

இவ்வளவு வேலை தேவையா? எங்கள் வீட்டில் மணல்மூட்டையும் பழைய டயரும் ஏற்றித்தான் சமாளிக்கிறோம்.

பழைய மேசன்

தம்பி, சின்னக் காற்றுக்குச் சரி. பெரிய காற்றில் அந்த டயர் பக்கத்து வீட்டுக்குப் பறக்கும், ஆள்மேல் விழுந்தால் உயிர் போகும். புயல் அறிவித்தல் வந்தால் முதலில் இறக்க வேண்டியதே அதைத்தான். 1974 டிசம்பர் 25 அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் ட்ரேசி சூறாவளி பெரும்பாலான வீடுகளை அழித்தது. காற்று விட்டு விட்டு உதற உதற, ஸ்குரூவைச் சுற்றித் தகரம் வெடித்துக் கழன்றது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அதனால் விறாந்தைத் தகரத்துக்கும் ரப்பர் வொஷரோடு அகன்ற இரும்பு வொஷர் போடுங்கள் தங்கச்சி. விளிம்பு வரிசைகளில் ஒரு வளைவு விட்டு ஒரு வளைவு, நடுவில் இரண்டு விட்டு ஒன்று. ஸ்குரூ மேட்டில்தான் ஏற வேண்டும், பள்ளத்தில் அல்ல.

அஸ்பெஸ்டஸில் கிரைண்டர் வைக்க விடாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. நனைத்துவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள், மூக்கு வாய் மூடுங்கள், பிள்ளைகளை அன்றைக்கு அயலில் விடுங்கள். பழைய சீற்றில் கால் வைக்கக்கூடாது, பலகை போட்டு ஏற வேண்டும்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், திருகோணமலை நகரம்

மகள், காகித வேலைக்கு வருகிறேன். அனுமதிப்பத்திரம் அம்மா பெயரில் இருப்பது இங்கே சாதாரண விஷயம். நீங்கள் அந்த வீட்டில் வசிப்பதாகக் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதமும், வேலைக்குச் சம்மதம் என்று அம்மா கையொப்பமிட்ட கடிதமும் எடுத்து வையுங்கள். மானியம் தருபவர்களிடம் அது போதுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சேதம் பிரதேச செயலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அவர்கள் வந்து பார்க்க முதல் ஒரு ஆணியும் கழற்ற வேண்டாம். இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகத்தான் வந்தது, வேலையைப் பார்த்த பிறகே அடுத்த தவணை. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் கூரையைப் பலப்படுத்த 10,000 டொலர் வரை கொடுக்கிறது, அங்கேயும் பரிசோதகர் சான்று கொடுத்த பிறகுதான் காசு. ஆகவே பட்டியும் ஸ்குரூவும் மதிப்பீட்டில் தனி வரியாக வரட்டும். "கூரைத் திருத்தம்" என்று ஒரே வரியில் எழுதினால் எல்லாம் தகரத்துக்குப் போய்விடும். பூசி மூட முதல் ஒவ்வொரு பட்டியையும் படம் எடுங்கள்.

நெய்தல்கரை (இரண்டு கிழமைக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தார். பின்வளவுச் சலாகையையும் உருவி வந்த ஆணியையும் கையில் கொடுத்தேன், அதற்குப் பிறகு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டி, ஸ்குரூ, லின்டல் துளை மூன்றும் தனித் தனி வரியாக மதிப்பீட்டில் வந்துவிட்டன. அம்மாவின் கடிதத்தையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஓடாவியோடும் கதைத்தேன். முதலில் கோபப்பட்டார், சலாகையைப் பார்த்ததும் அமைதியாகிவிட்டார். விறாந்தைத் தூண்களுக்கு இரண்டடி குழி வெட்டி, கம்பியோடு கொங்கிறீற் போட வேண்டும் என்று அவரே சொன்னார். வியாழக்கிழமை வேலை தொடங்குகிறது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடங்கிய பிறகுதான் சீற் கழற்றப் போகிறோம், ஐப்பசி மழைக்கு முதல் முடிக்க வேண்டும். இப்போதைக்குத் தூண் குழியும் லின்டல் துளையும். முதல் பட்டி பிள்ளைகள் படுக்கும் பின்னறையில்.