ஜிம்னியின் மைலேஜ் 10.5-க்கு இறங்கிவிட்டது: எதிலிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கம். என்னிடம் 2023-இல் வாங்கிய மாருதி ஜிம்னி ஜீப், மேனுவல் கியர் வண்டி இருக்கிறது. வாரம் ஒரு முறை ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போய், எஸ்டேட் மண்பாதையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் திரும்புவேன். முன்பு இதே வழியில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தது. கம்பெனி டயரான 195/80 ஆர்15-ஐக் கழற்றி 235/75 ஆர்15 மட் டெரெய்ன் (சேற்றுப் பாதைக்கான) டயர் போட்டு, இரும்பு பம்பரும் ரூஃப் கேரியரும் மாட்டிய பிறகு, சென்ற முறை 330 கிலோமீட்டருக்கு 31.4 லிட்டர் குடித்தது. மைலேஜ் 10.5-தான். இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டுமா?

தேனி மெக்கானிக்:
நண்பரே, இன்ஜினில் கைவைப்பதற்கு முன் கணக்கைச் சரிசெய்வோம். பழைய டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் சுமார் 733. சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடிவிட்டது. ஆனால் ஓடோமீட்டர் பழைய டயர்தான் சுற்றுகிறது என்று நினைத்து எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆக, அது காட்டிய 330 உண்மையில் 349, மைலேஜ் 11.1. (வேகமானியும் இதே அளவு குறைத்துக் காட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.) டேங்க்கை நிரப்பும்போது ஒரே பங்க்கில், நாசில் தானாக நிற்கும் முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள்; கழுத்துவரை நிரப்பினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும்.

அதன் பிறகு ஒரு சிறு சோதனை. பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. சேற்றில் இறங்கும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

நீலகிரி ஓட்டுநர்:
முதலில் அந்தக் கேரியரைக் கழற்றுங்கள். ஜிம்னி ஏற்கெனவே பெட்டிபோல நிமிர்ந்து நிற்கும் வண்டி; காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், சமவெளியில் 100-இல் போவதை 80 ஆகக் குறைத்தாலே அந்தத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். மண்பாதைக்காக 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கிய காற்றைத் தார்ச்சாலைக்கு ஏறும் முன் மீண்டும் நிரப்புகிறீர்களா? டேஷ்போர்டில் 4 வீல் டிரைவ் விளக்கு அணைந்துவிட்டதா என்றும் பாருங்கள். முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி இது. காய்ந்த சாலையில் 4எச்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில்) ஓட்டினால் டயரும் கியர்பெட்டியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே வரும்.

எல்லாப் பழியும் டயர்மேல் இல்லை. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்துதான் வருகிறது; எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்பு 20 ஆனபோதே 3 சதவீதம் அளவுக்கு மைலேஜ் போயிருக்கும். அதற்கு நம்மிடம் மருந்தில்லை.

பொள்ளாச்சிக்காரன்:
இருவருக்கும் நன்றி. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகும் என்று எஸ்டேட் டிரைவர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

தேனி மெக்கானிக்:
தயவுசெய்து வேண்டாம். ஊசிமூலம் பெட்ரோல் தெளிக்கும் இன்றைய இன்ஜினில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முழுதாக நின்றுவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால், இன்ஜின் அணையாமலிருக்கத் தொடர்ந்து குடித்துக்கொண்டே வரும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. போதாக்குறைக்கு, வால்பாறை இறக்கம் முழுவதும் வண்டியின் எடையை பிரேக் மட்டுமே தாங்க நேரிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சக்கரங்களில் சூட்டு வித்தியாசம் இல்லை. காற்றை அளந்தபோது நான்கிலும் 22-தான் இருந்தது. மண்பாதைக்கு இறக்கியதைப் பாதி நிரப்பியே பல நாள் ஓட்டியிருக்கிறேன். கேரியரைக் கழற்றி, காற்றைச் சரியாக அடித்து, அதே வழியில் போய்வந்ததில் ஓடோமீட்டர் 352 காட்டியது. திருத்தினால் 372, பிடித்தது 29.8 லிட்டர், அதாவது 12.5. பம்பர் இருக்கட்டும், எஸ்டேட்டுக்குள் காட்டுமாடுகள் குறுக்கே வரும். இந்த டயர் தேய்ந்ததும் 215/75 ஆல் டெரெய்னுக்கு (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான டயருக்கு) மாறிவிடுகிறேன்.