பீட்டில்ஸ் பிரிந்த பிறகு: நால்வரின் தனிப் பாடல்களில் எதை, எந்தப் பதிப்பில் கேட்பது?

பீட்டில்ஸ் நால்வரும் (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், ரிங்கோ ஸ்டார்) தனித்தனியாகப் போட்ட பாட்டுகளில் உங்கள் மனதுக்கு நெருக்கமானது எது? பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்த மிக்ஸ் (தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் கலந்து ஒன்றாக்கிய வடிவம்), முதலில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "கேட்டோம், ஒன்றும் ஒட்டவில்லை" என்பவர்களில் பலர் கேட்டிருப்பது அதே பெயரில் உலவும் வேறொரு மிக்ஸாக இருக்கும். நட்சத்திரக் குறியிட்டுப் பிரித்திருப்பவை வெவ்வேறு ரசிகர்கள் இந்தக் கேள்விக்கு எழுதிய பதில்கள்.

ஜார்ஜ் ஹாரிஸனிலிருந்தே தொடங்கலாம். 1970 நவம்பரில் வந்த 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' மூன்று தட்டு ஆல்பம். மூன்றாவது தட்டு முழுக்க ஸ்டுடியோவில் கூடி உட்கார்ந்து வாசித்த ஜாம். அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பக்கங்கள்தான் ஆல்பத்தின் உயிர். தயாரிப்பு ஹாரிஸனும் ஃபில் ஸ்பெக்டரும். கிடார்கள், பியானோக்கள், டிரம்ஸ், பித்தளைக் குழல்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழங்கவிட்டு, அதன் மேல் எதிரொலியை ஊற்றுவது ஸ்பெக்டர் வழி. 'வா-வா' பாட்டில் குரலே அந்த வெள்ளத்துக்குள் நீந்துகிறது. 1969 ஜனவரி 10 அன்று குழுவின் படப்பிடிப்பை விட்டு வெளியேறிய அதே நாளில் ஹாரிஸன் எழுதிய பாட்டு அது. அந்த நெரிசல் பாட்டுக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

இப்போது கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. 2001, 2014 பதிப்புகளில் இருப்பது பழைய மிக்ஸ், ரீமாஸ்டர் மட்டும் செய்தது, அதாவது கலவையை மாற்றாமல் ஒலியை மெருகேற்றியது. 2021-இல் வந்தது பால் ஹிக்ஸ் புதிதாகக் கலந்த ரீமிக்ஸ். குரல் முன்னால் வந்திருக்கிறது, பாஸ் கனத்திருக்கிறது, எதிரொலி வற்றியிருக்கிறது. வரிகளைப் புரிந்துகொள்ள 2021. அந்த அலை எப்படி அடிக்கும் என்று தெரிய பழையது. 2001 சிடியில் ஒரு சிக்கல் உண்டு: கூடுதலாகச் சேர்த்த ஐந்து தடங்களை முதல் தட்டின் கடைசியில் செருகியிருக்கிறார்கள். 'ரன் ஆஃப் த மில்' முடிந்து 'பிவேர் ஆஃப் டார்க்னெஸ்' வர வேண்டிய ஓட்டம் அங்கே அறுந்துபோகும். அந்த ஐந்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டு மிக்ஸையும் ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை இயக்கினால் ஓரளவு சரியாகும். மீதியைக் காதால் சரி செய்ய வேண்டும்.

* * *

இதே ஆல்பத்தை இசைத்தட்டில் கேட்பவர்களுக்கு ஒன்று. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'இஸிண்ட் இட் எ பிட்டி', ஏழு நிமிடத்துக்கு மேல். போகப் போக வாத்தியங்கள் ஏறிக்கொண்டே போகும் பாட்டு. அது உச்சம் தொடும் நேரத்தில் ஊசி தட்டின் உள்வட்டத்துக்கு வந்திருக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு 51 செ.மீ. தட்டு ஓடுகிறது. உள்ளே போனால் அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் அடைத்திருப்பதால் சிம்பல்களும் வயலின்களும் கரகரக்கும்.

தட்டு கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். முதலில் ஊசிமுனையில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, சீரமைப்பு அட்டையை வைத்து கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) கோணத்தைச் சரிபாருங்கள். அதன் பிறகு ஊசி தட்டை அழுத்தும் எடை: கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருந்தால் அதன் மேல்பாதியில் வையுங்கள். ஊசி தேய்ந்துவிடும் என்று பயந்து எடையைக் குறைப்பவர்கள் அதிகம். ஆனால் எடை போதாத ஊசிதான் பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரைக் கீறுகிறது. உருண்டை முனையைவிட நீள்வட்ட முனை உள்வட்டத்தில் நன்றாகப் படிக்கும்.

* * *

வாசிப்பவர்கள் பக்கம் கொஞ்சம் வருவோம். 'மை ஸ்வீட் லார்ட்' எளிய பாட்டு என்று தொடங்கி, பாதியில் விடுகிறவர்கள் நிறைய.

கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இரண்டாம் கட்டையில் (ஃப்ரெட்). முதல் சுற்று ஈ மைனர் – ஏ, பிறகு டி – பி மைனர். காதில் விழும் சுருதி ஈ மேஜர். நடுவில் பாட்டு ஒரு முழு ஸ்வரம் மேலே ஏறும். கேப்போவை நகர்த்த வேண்டாம். பி செவன்த்தைப் பிடித்து அதன் வழியாக ஈ-க்குப் போங்கள். அங்கிருந்து எஃப் ஷார்ப் மைனர் – பி, ஈ – சி ஷார்ப் மைனர் என்று வடிவங்கள் மாறும். கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். இதுவரை திறந்த கம்பிகளில் ஓடிக்கொண்டிருந்த இடது கை திடீரென்று பாரே (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) பிடிக்க வேண்டியிருப்பதால் வலது கையின் தாளம் தள்ளாடும். அந்த எட்டு மாத்திரையை மட்டும் தனியாக, பாதி வேகத்தில் பழகுங்கள்.

வீட்டில் பதிவு செய்தால் ஒற்றைக் கிடார் மெலிந்து ஒலிக்கும். மூலத்தில் பேட்ஃபிங்கர் குழுவினர் உட்படப் பலர் சேர்ந்து வாசித்த அக்கூஸ்டிக் கிடார்கள் இருக்கின்றன. ஒரே தடத்தை நகலெடுத்து ஒட்டினால் சத்தம்தான் கூடும், தடிமன் வராது. மூன்று முறை தனித்தனியாக வாசித்துப் பதிந்து இடம், வலம், நடு என்று பரப்புங்கள். கைக்குக் கை நேரும் சின்னச் சின்ன நேர வித்தியாசம்தான் அந்த மினுமினுப்பு.

ஸ்லைடு (விரலில் குழாயை மாட்டிக் கம்பி மேல் வழுக்கி வாசிப்பது): ஒன்றோடொன்று இழையும் இரண்டு வரிகள், தனித்தனியே பதிந்தவை. சுண்டுவிரலில் குழாயை மாட்டிக்கொண்டால் மற்ற மூன்று விரல்களைப் பின்னால் லேசாகப் படியவைத்துக் கம்பியின் இரைச்சலை அடக்கலாம். குழாய் கட்டைக் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். சாதாரணமாக விரல் வைக்கிற இடத்தில் வைத்தால் சுருதி தாழும். அழுத்தவே கூடாது. கம்பி மெல்லியதாகவும் தாழ்வாகவும் இருந்தால் குழாய் கட்டையில் இடித்துக் 'கட கட' என்னும். 11-இல் (மிக மெல்லிய கம்பி 0.011 அங்குலம்) தொடங்கும் கம்பித் தொகுதியைப் போட்டு, பாலத்தைச் சற்று உயர்த்துங்கள்.

பின்னணிக் குரல்களையும் கவனியுங்கள். 'ஜார்ஜ் ஓஹாரா-ஸ்மித் பாடகர்கள்' என்று உறையில் போட்டிருப்பது ஹாரிஸன் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்ததற்கு வைத்த பெயர். அல்லேலூயா மெல்ல ஹரே கிருஷ்ணாவாகி, அதற்குள் 'குருர் பிரம்மா' சுலோகமும் வந்துபோகிறது. இந்தப் பாட்டின் மெட்டு 'ஹீஸ் ஸோ ஃபைன்' பாட்டை ஒத்திருக்கிறது என்று நடந்த வழக்கில், அறியாமல் செய்த நகல் என்று 1976-இல் தீர்ப்பு வந்தது. இரண்டிலும் முதல் மூன்று ஸ்வரங்களை முணுமுணுத்துப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். மற்றபடி இரண்டும் வேறு வேறு உலகம்.

* * *

ஜான் லெனன். 'இமேஜின்' எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். 1970 டிசம்பரில் வந்த 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' ஆல்பத்தை இங்கே யாருமே இன்னும் சொல்லாதது ஆச்சரியம்.

'மதர்' பாட்டு ஒரு மணியோசையோடு தொடங்குகிறது. வேகத்தைக் குறைத்து ஓடவிட்ட தேவாலய மணி. ஒற்றைத்தட்டில் (சிங்கிள்) வந்த 'மதர்' சுருக்கப்பட்டது, அந்த மணி அதில் கிடையாது. தொகுப்புகளில் கேட்பவர்கள் எந்த வடிவம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணி நான்கு முறை அடித்து அடங்கிய பிறகு குரல் வரும்போதுதான் அது எவ்வளவு தனியாக நிற்கிறது என்று உறைக்கும். பியானோ, பாஸ், டிரம்ஸ், குரல். வேறெதுவும் இல்லை. இதற்கும் தயாரிப்பாளர் பட்டியலில் ஸ்பெக்டர் பெயர் இருக்கிறது. மேலே சொன்ன ஹாரிஸன் ஆல்பத்தின் நேர் எதிர்முனை இது, இரண்டுக்கும் இடைவெளி இரண்டு வாரம்தான்.

லெனன் சிடிகளில் குழப்பம் அதிகம். 2000-ஐ ஒட்டி வந்தவை ரீமிக்ஸ் செய்யப்பட்டவை. 2010-இல் வந்த ரீமாஸ்டர்கள் மூல மிக்ஸுக்குத் திரும்பின. 'அல்டிமேட்' என்ற பெயரில் 'இமேஜின்' 2018-இலும் இந்த ஆல்பம் 2021-இலும் மறுபடி ரீமிக்ஸ் ஆயின. முதல் தடவைக்கு 2010. ஒவ்வொரு வாத்தியத்தையும் பிரித்துப் பார்க்க ஆசை வந்தால் 2021 பெட்டியில் உள்ள 'எலிமெண்ட்ஸ்' மிக்ஸ். அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி ஆல்பமான 'டபுள் ஃபேண்டஸி' பளபளப்பாக இருக்கிறது என்று ஒதுக்கியவர்கள் 2010-இல் வந்த 'ஸ்ட்ரிப்டு டவுன்' மிக்ஸைக் கேட்டுவிட்டு மறுபடி முடிவு செய்யுங்கள்.

செயலியில் க்ராஸ்ஃபேட் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆல்பம் முடிவது 'மை மம்மிஸ் டெட்' என்ற ஒரு நிமிடம்கூட வராத, தேய்ந்த ஒலியில் பதிந்த துண்டோடு. மணியில் தொடங்கியது அங்கேதான் வந்து சேர்கிறது. அடுத்த பாட்டு அதன் மேல் ஏறினால் எல்லாம் போச்சு.

* * *

ரிங்கோவைப் பற்றி யாரும் எழுதவில்லையே! ரிங்கோ பிரிவுக்குப் பிறகு வாசித்ததில் மிகச் சிறந்தது மேலே நண்பர் சொன்ன அந்த லெனன் ஆல்பம்தான். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர், வலது கைக்காரருக்கு அடுக்கிய டிரம்ஸில் வாசிப்பவர். அதனால் உருட்டல்கள் வழக்கமான வரிசையில் வராமல் சற்றே தயங்கி வந்து விழும். 'ஐ ஃபவுண்ட் அவுட்' பாட்டில் இதைத் தேடிப் பாருங்கள்.

பாட்டென்றால் 'ஃபோட்டோகிராஃப்'. ரிங்கோவும் ஹாரிஸனும் சேர்ந்து எழுதியது. 1973-இல் அமெரிக்காவில் முதலிடம். அவர் குரலின் எல்லை குறுகியது, மெட்டு அந்த எல்லைக்குள்ளேயே சுற்றுகிறது, சோகத்தைச் சுற்றியுள்ள வாத்தியங்கள் சுமக்கின்றன. ஹாரிஸன் மறைந்து ஓராண்டு நிறைந்த அன்று, 2002 நவம்பர் 29, ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிங்கோ இதையே பாடினார். ஸ்டுடியோ வடிவத்தைக் கேட்டுவிட்டு உடனே அதைக் கேளுங்கள். ஒரு சொல்கூட மாறவில்லை, பொருள் மட்டும் மாறிவிட்டது.

* * *

பால் மெக்கார்ட்னி ரசிகர்களுக்குச் சுருக்கமாக. 1970-இன் 'மெக்கார்ட்னி' ஆல்பத்தைப் பெரும்பாலும் வீட்டிலேயே, நான்கு தட ஸ்டூடர் இயந்திரத்தில், மிக்சர் மேசை இல்லாமல் மைக்கை நேராக இயந்திரத்திலேயே சொருகிப் பதிந்தார். ஒலியளவு காட்டும் முள்கூட இல்லை. அதில் வரும் கரகரப்பு உங்கள் ஸ்பீக்கரின் குறை என்று நினைக்க வேண்டாம். 'மேபி ஐயாம் அமேஸ்டு' போன்ற சில பாட்டுகள் முறையான ஸ்டுடியோவில் பதிந்தவை, வித்தியாசம் உடனே தெரியும்.

'ராம்' (1971) ஆல்பத்துக்கு ஒரு மோனோ மிக்ஸ் உண்டு. அப்போது வானொலி நிலையங்களுக்கு மட்டும் போனது, 2012-இல்தான் விற்பனைக்கு வந்தது. 'டியர் பாய்' பாட்டில் அடுக்கிய குரல்கள் ஸ்டீரியோவில் பரந்து நிற்கும், மோனோவில் ஒரே பந்தாக இறுகி வரும். ஹெட்ஃபோனுக்கு ஸ்டீரியோ, ஒற்றை ஸ்பீக்கருக்கு மோனோ.

'பேண்ட் ஆன் த ரன்' (1973) பெரும்பாலும் நைஜீரியாவின் லாகோஸில் பதிந்தது. கிளம்பும் நேரத்தில் கிடார்காரரும் டிரம்மரும் விலகிவிட்டதால் டிரம்ஸும் மெக்கார்ட்னியே. 2024-இல் வந்த 'அண்டர்டப்டு' மிக்ஸில் பிற்பாடு சேர்த்த ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. முதலில் அதைக் கேட்காதீர்கள். தலைப்புப் பாட்டின் இரண்டாம் பகுதியை மூன்றாம் பகுதியோடு இணைக்கும் பாலமே அந்த ஆர்க்கெஸ்ட்ராதான். 'கமிங் அப்' தேடுவோர் கவனத்துக்கு: 'மெக்கார்ட்னி 2'-இல் இருப்பது குரலின் வேகத்தைக் கூட்டிய ஸ்டுடியோ வடிவம். அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது கிளாஸ்கோ மேடை வடிவம்.

* * *

கடைசியாக, ஹாரிஸனின் 'பிரெய்ன்வாஷ்டு'. அவர் மறைந்த மறு ஆண்டு, மகன் தானியும் ஜெஃப் லின்னும் முடித்துக் கொடுத்தது. அதில் 'மார்வா புளூஸ்' என்று வார்த்தையே இல்லாத ஒரு ஸ்லைடு பாட்டு. பெயரை நம்பி இந்துஸ்தானி இசையின் மார்வா ராகத்தைத் தேடாதீர்கள். மார்வாவில் பஞ்சமம் கிடையாது; இங்கே கீழே ஓடும் கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) அது தாராளமாகக் கிடக்கிறது. ராகத்திலிருந்து வந்திருப்பது வாசிக்கும் முறை: ஒரு ஸ்வரத்துக்கு நேராகப் போய் நிற்காமல் கீழிருந்து வழுக்கி, தொட்டும் தொடாமலும் நின்று, தாமதமாக அசைப்பது. சத்தத்தைக் குறைத்து, அறையில் மற்ற ஓசைகள் அடங்கிய பிறகு கேளுங்கள். அந்த அசைவு எவ்வளவு மெதுவானது என்பது அப்போதுதான் பிடிபடும்.

தலைப்புப் பாட்டு ஆல்பத்தின் கடைசியில் இருக்கிறது. கிடாரும் டிரம்ஸும் ஓய்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு 'நம பார்வதீ பதயே, ஹர ஹர மகாதேவா' என்று இரண்டு குரல்கள் சேர்ந்து சொல்லும். ஒன்று ஜார்ஜ், மற்றது தானி.